காத்திருக்க வேண்டாம்

மாலை ஆறே முக்காலுக்குத்
தீவுகளுக்கான செய்திகளை வாசிப்பது என் வேலை.
சிலியின் தென்கோடியில், அச்சாவோ ஊரில்,
மீன்வலைக் கடையின் மாடியில் எங்கள் நிலையம்.
கைபேசிக் கோபுரம் எட்டாத கரைகளுக்கு
நாங்கள்தான் தபால்.
"செனோவியாவுக்கு: மருந்து வெள்ளிக்கிழமை லாஞ்சில் வருகிறது."
"பாரியா வீட்டாருக்கு: ஆண் குழந்தை, மூன்றரைக் கிலோ."

சால்மன் ஆலை
புதிய குளிர்பதன மோட்டார்களை ஓட்டத் தொடங்கிய வாரம்
என் குரலுக்கடியில் இன்னொரு குரல் ஊரத் தொடங்கியது.
ஙொய்ங்... என்று,
தகரக் குவளைக்குள் அகப்பட்ட வண்டு போல.
ஆலைக்கும் எங்களுக்கும் ஒரே மின்கம்பம்.
அங்கே குலுங்கினால் இங்கே சிந்தும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வாசித்தேன்:
"ரெமிகியோ குவாய்க்கிலுக்கு: நாளை படகு இல்லை,
துறையில் காத்திருக்க வேண்டாம்."
நடுவிலும் கடைசியிலும் இரைச்சல் தின்றதுபோக
கெவித் தீவில் போய் விழுந்தது:
"ரெமிகியோ... துறையில் காத்திரு."

காத்திருந்தார்.
இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு,
கால் கட்டிய செம்மறி ஒன்று,
நேரங்காலம் பார்க்காத மழை.
மூன்றாம் நாள் யாரோ ஒருவரின் துடுப்புப் படகில்
நிலையத்துக்கே வந்துவிட்டார்.
கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.
"நிற்கச் சொன்னீர்கள், நின்றேன்" என்று
தொப்பியைப் பிழிந்தார் என் மேசைக்குப் பக்கத்தில்.

அன்றிரவே ஒத்தில்யா மன்சில்யா
செத்துப்போன வெல்டிங் இயந்திரம் ஒன்றின் வயிற்றைத் திறந்து
இரும்புத் தகடுகளை உருவி எடுத்தாள்.
ஒலிபரப்பியை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவள்தான்.
வார்னிஷ் பூசிய தாமிரக் கம்பி,
அழுத்தமான சுற்றுகள்,
உதட்டைக் கடித்தபடி எண்ணிக்கை.
"இருநூற்றுப் பன்னிரண்டா, பதின்மூன்றா?" என்றேன்.
"ஒன்று கூடினால் உலகம் முழுகாது.
நீ பேசினால் பத்து கூடும்."

அவள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
மீட்டர் முள்ளைப் பார்த்து நானாகக் கட்டிக்கொண்டது இது,
தப்பாகவும் இருக்கலாம்:
சீராக நடந்து வரும் மின்னோட்டத்தை
சோக்குச்சுருள் யாரென்று கேட்பதில்லை.
வெறும் கம்பியாக வழிவிடுகிறது.
துள்ளி வருவதைக் கண்டால்தான் விழித்துக்கொள்கிறது.
ஏறுகையில் கொஞ்சத்தைப் பிடித்துத்
தன்னைச் சுற்றிய வெற்றிடத்தில் வைத்துக்கொள்கிறது,
இறங்குகையில் எடுத்துக் கொடுக்கிறது.
எவ்வளவு பதற்றமோ அவ்வளவு தடை.
அதையும் மீறி நழுவியதை
அடுத்த படியில் நிற்கும் மின்தேக்கி
மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது.

அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு.
ஓடிக்கொண்டிருக்கையில் பட்டென்று அறுத்தால் விடாது.
சோதிக்கும்போது ஒத்தில்யா முனையைப் பிடுங்கிவிட்டாள்.
நீலமாய் ஒரு பொறி,
பிறகு அவள் வாயிலிருந்து
ஒலிபரப்ப முடியாத நான்கு சொற்கள்.

மறுநாள் ஆறே முக்கால்.
ஒலிவாங்கி திறந்தது.
குரலுக்கடியில் ஒன்றுமில்லை.
தாள் திரும்பும் சத்தம் கேட்டது,
என் எச்சில் விழுங்கல் கேட்டது.
பயந்துவிட்டேன்.
இத்தனை வாரமும் இரைச்சலின் முதுகில் ஒளிந்துகொண்டு
பாதிப் பெயர்களை மென்று விழுங்கியிருக்கிறேன்,
யாருக்குத் தெரியப் போகிறது என்று.

இரைச்சல் எங்கும் போய்விடவில்லை.
ஒலிபரப்பியின் பெட்டியில் காதை வைத்தால்
தகடுகள் முனகுவது கேட்கும்,
கை வைத்தால் இளஞ்சூடு.
தீவுகளுக்குப் போகவேண்டாததெல்லாம்
அங்கேயே தங்கிவிடுகிறது.

"ரெமிகியோ குவாய்க்கிலுக்கு: வியாழன் படகு உண்டு.
உண்டு" என்று இரண்டு முறை வாசித்தேன்.
லாஞ்சில் வந்த துண்டுச் சீட்டில் பதில்:
"வானொலிக்காரருக்கு: நன்றாகக் கேட்டது.
ஆட்டை விற்றுவிட்டேன். காத்திருக்க வேண்டாம்."

அதையும் வாசித்தேன், ஒரு சொல் சிந்தாமல்.